பதினொன்றாவது கட்டம்

வியாழன் இரவு ஒன்பதரைக்கு
திருத்துறைப்பூண்டி ஜெராக்ஸ் கடை ஷட்டரைப்
பாதி இறக்கிவிட்டுக் கூட்டத்தைத் திறப்பேன்.
நாங்கள் பத்துப் பேர்.
முகம் காட்டுகிறவர்கள் நாலைந்து பேர்தான்,
மற்றவர்கள் மின்விசிறியை, உத்தரத்தை,
கொசுவலையின் ஒரு மூலையைக் காட்டுவார்கள்.
பேசுவது வாரத் தவணைக் கடனைப் பற்றி.
யாருக்கு எத்தனை வாரம் பாக்கி,
வசூலுக்கு வந்தவன் வாசலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தான்,
என்ன சொன்னான், யார் முன்னால் சொன்னான்.
நோட்டில் எழுதிக்கொள்வேன்,
திங்கட்கிழமை மனுவோடு கொடுக்க.

அன்றைக்குப் பதினொரு கட்டம் இருந்தது.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரெட்மி 9.
கறுப்பு. சத்தமில்லை.
அஞ்சம்மாள் மகனின் போன் என்று நான் நினைத்தேன்.
ஷமீமாவின் நாத்தனார் என்று அஞ்சம்மாள் நினைத்தாள்.
ஷமீமா ஒன்றும் நினைக்கவில்லை,
அவள் பேசிக்கொண்டிருந்தாள்:
கம்மலைக் கழற்றி
முத்துப்பேட்டையில் தங்கை வீட்டு
அரிசி டின்னுக்குள் போட்டிருப்பதை,
புருஷனுக்குக்கூடச் சொல்லாததை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு
வசூல்காரன் பைக்கை விட்டு இறங்காமலே கேட்டானாம்:
"அரிசி டின்னுல என்னம்மா விளையுது?"

தப்பு என்னுடையது.
இணைப்பை வாட்ஸப் குழுவில் போட்டவள் நான்.
அதில் நூற்றெண்பது பேர்,
விதைநெல் விற்கிறவர், பந்தல் போடுகிறவர்,
யாருடைய மச்சானோ.
கடவு எண் இல்லாமல் இல்லை, இருந்தது:
1206.
ஜூன் பன்னிரண்டு, மேட்டூர் திறக்கிற நாள்.
மறந்துபோகாத எண்ணாக இருக்கட்டும் என்று வைத்தேன்.
டெல்டாவில் அதை மறந்தவன் யார்?
வசூல்காரனின் அப்பாவும் குறுவை போட்டவர்தானே.

அந்த வாரம் முழுக்க, கடை முடிந்ததும்,
ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுப் பார்த்தேன்.
காத்திருப்பு அறை என்று ஒன்று இருந்திருக்கிறது.
எட்டு மாதமாக அணைத்தே வைத்திருந்திருக்கிறேன்.
புதுக் கூட்டம், புது எண்,
ஆறு இலக்கம்,
யாருக்கும் பிறந்தநாள் இல்லாத,
எந்த அணையும் திறக்காத தேதி.
எங்கும் எழுதி அனுப்பவில்லை.
ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு வாயால் சொன்னேன்.
பூசமணி அதை
இரண்டிரண்டாகப் பிரித்து
மூன்று பஸ் நம்பராக மனப்பாடம் செய்தாள்.

அடுத்த வியாழன் உள்ளே ஒன்பது பேர்.
வெளியே இரண்டு பேர்.
ஒன்று ரெட்மி 9.
இன்னொன்று விவோ, எங்களில் யாரிடமும் இல்லாதது.
வயிற்றில் ஏதோ புரண்டது:
புது எண் இவர்களுக்கு எப்படி?
ரெட்மியை நீக்கினேன்.
விவோவையும் நீக்கினேன்.
கூட்டத்தைப் பூட்டினேன்.
ஜெசிந்தாவைக் காணோம் என்று யாரோ சொன்னார்கள்.
சிக்னல் இருக்காது என்றேன்.
வெளியே ஐப்பசி மழை
ஷட்டரில் அடித்துக்கொண்டிருந்தது.

பத்தேகாலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.
"நான்தாங்க்கா, ஜெசிந்தா.
வேளாங்கண்ணி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்.
பரோட்டாக் கடைப் பையன் போனு.
எத்தனை தடவைதான் தட்டுறது?"

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
மன்னிச்சுக்கோ என்று ஆரம்பித்தேன்.
அவள் கேட்கவில்லை.

"நீ தொறக்காததே நல்லதுக்கா.
மத்தியானம் தவணைக்குப் பதிலா
என் போனைப் பிடுங்கிட்டுப் போயிட்டான்.
கவருக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு,
புது நம்பரை அதுலதான் எழுதி வச்சிருந்தேன்.
அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம்.
பையன் போனைக் கேட்கிறான்.
மழையில் நனையாமல் போனை அவள்
முந்தானைக்குள் வைத்துப் பேசுகிறாள் போல,
குரல் துணி வழியாக வருகிறது.

மறுநாள் திரும்பவும் ஆறு இலக்கம்.
ஜெசிந்தாவுக்கு மட்டும்
அவள் வேலைபார்க்கும் லாட்ஜுக்குப் பஸ் ஏறிப் போய்
காதோடு சொல்லிவிட்டு வந்தேன்.
மற்ற எட்டுப் பேருக்கும் போனில் சொல்லி முடித்து
கடைசியாகப் பூசமணி.
எழுதி வைக்காதே என்றேன்.
எழுதத் தெரிஞ்சாத்தானே என்றாள்.
பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு,
"ஏன்க்கா, பழைய மூணு பஸ்ஸும்
இனிமே ஓடாதா?"